ராஃபிள்ஸ் ஹோட்டல்: எந்தப் பாடம்?

சிங்கப்பூரில் பீச் ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. கடற்கரை இல்லை. மண்ணைக் கொட்டித் தூர்த்துக்கொண்டே போனதில் கடல் கண்ணுக்கெட்டாமல் விலகிவிட்டது. பெயரில் மட்டும் கடல் மிஞ்சியிருக்கும் அந்தத் தெருவில்தான் ராஃபிள்ஸ் ஹோட்டல். வெள்ளை வெளேரென்று மூன்று மாடி. வார்ப்பிரும்புத் தூண்களும் வேலைப்பாடும் கொண்ட முகப்புப் பந்தல். தலைப்பாகையும் மார்பில் பட்டையுமாக ஒரு சீக்கியர். நானும் நண்பர் ஒருவரும் அதன் எதிரில் நின்றுகொண்டிருந்தோம். நண்பர் அந்த ஊர்க்காரர். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "இந்த முகப்பு எந்த வருஷத்தது?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "1913ன்னு சொல்லலாம். 1991ன்னும் சொல்லலாம். ரெண்டும் சரிதாங்க."

அந்த இரட்டைப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. நான் கட்டடக்கலை படித்தவனில்லை. ஏடுகளோடும் பழைய பதிப்புகளோடும் கொஞ்ச காலம் புழங்கியவன். அந்தப் பழக்கத்தில் பார்த்தபோது இந்த ஹோட்டல் எனக்கு ஒரு கட்டடமாகத் தோன்றவில்லை. ஒரு பதிப்பாகத்தான் தோன்றியது. மூலம் என்று தனியாக ஒன்று இல்லாத, ஆனால் மூலம் இதுதான் என்று சொல்லிக்கொண்டு அச்சான ஒரு பதிப்பு.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் அங்கே இருந்தது கடலைப் பார்த்த ஒரு பங்களா. அல்சாகாஃப் என்ற அரபு வணிகக் குடும்பத்தாருக்குச் சொந்தம். நடுவில் பள்ளிக்கூடப் பையன்களின் விடுதியாகக்கூட இருந்திருக்கிறது. அதைக் குத்தகைக்கு எடுத்து, 1887 டிசம்பர் 1ந் தேதி, பத்து அறைகளோடு ஹோட்டலாகத் திறந்தவர்கள் சார்க்கீஸ் சகோதரர்கள் - பாரசீகத்திலிருந்து கிழக்கே வந்த ஆர்மீனியர்கள். பினாங்கில் ஒரு ஹோட்டல், பிற்பாடு ரங்கூனில் ஒன்று என்று இந்தக் கடற்பாதை நெடுக அவர்கள் கைவரிசை இருந்தது. (1887 என்றதும் எனக்கு ஞாபகம் வருவது வேறு. உ.வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணி பதிப்பு வெளிவந்த வருஷம் அது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் இந்தக் கட்டுரை முழுக்க அவர் என் தலைக்குள் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறார்.)

பிறகு கட்டடம் வளர்ந்தது. வளர்ந்தது என்பதைவிடச் சேர்ந்துகொண்டே போயிற்று என்பது பொருத்தம். பங்களாவின் இருபுறமும் இரண்டு மாடிப் பகுதிகள். 1894ல் பனைமர முற்றத்தை ஒட்டி ஒரு பகுதி. 1899ல் ஸ்வான் அண்ட் மக்லாரென் கம்பெனியின் பிட்வெல் வரைந்து கொடுத்த பிரதான கட்டடம். மின்விளக்கு, மின்விசிறி எல்லாம் அப்போது வந்தவை. 1904ல் பிராஸ் பாசா தெருப் பக்கம் இன்னொரு பகுதி. 1913ல் அந்த வார்ப்பிரும்பு முகப்பு. 1920ஐ ஒட்டி அந்த முகப்பு போய், அந்த இடத்தில் ஒரு நடனக்கூடம். பத்தே வருஷத்தில் உலகப் பொருளாதார மந்தம். 1931ல் சார்க்கீஸ்கள் திவால். 1933ல் புதுக் கம்பெனி. 1942 பிப்ரவரியில் ஊர் ஜப்பானியர் வசமாயிற்று. ஊருக்கு ஷோனான் என்று பெயர் வைத்தவர்கள் ஹோட்டலுக்கும் ஷோனான் ரியோகான் என்று வைத்தார்கள். 1945க்குப் பிறகு சிறைமுகாம்களிலிருந்து மீண்டு வந்த போர்க்கைதிகளுக்கு அது தற்காலிகத் தங்கல். அப்புறம் மறுபடி ஹோட்டல். கடல் பின்வாங்கிற்று. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுந்தன. பெயின்ட்டுக்கு மேல் பெயின்ட் ஏறியது.

ஒரு ஏடு பல கைகளில் பிரதி செய்யப்பட்டு வருவதுபோல்தான் இது. ஒவ்வொரு கையும் ஏதோ சேர்க்கிறது, ஏதோ விடுகிறது. இதில் எது 'கட்டடத்தின் குணம்'? 1887ன் பத்து அறையா? 1899ன் பிட்வெல்லா? மூன்றரை வருஷம் ஜப்பானியப் பெயரில் இருந்ததும் அதன் குணத்தில் சேர்த்தியா இல்லையா?

1980களின் நடுவில் இந்தக் கேள்வி சிங்கப்பூருக்குத் தவிர்க்க முடியாததாகிவிட்டது. அதற்கு முந்தைய இருபது வருஷங்களில் பழைய ஊரின் பெரும்பகுதியை அவர்களே இடித்திருந்தார்கள். 1983ல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை குறைந்தது. வருகிறவன் தன் ஊரில் இருப்பதையே இங்கேயும் பார்க்க எதற்கு விமானம் ஏற வேண்டும் என்ற யோசனை அப்போதுதான் அதிகாரிகளுக்கு வந்தது. சரித்திரத்தின் மேல் அன்பு வருவதற்குப் பல வழிகள் உண்டு. வருமானம் அதில் ஒன்று. அதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. அன்பு என்று வாய் கிழியப் பேசி ஒரு மண்டபத்தைக்கூடக் காப்பாற்றாத ஊர்கள் எனக்குத் தெரியும். 1987ல், நூற்றாண்டு வருஷத்தில், ஹோட்டல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1989 மார்ச்சில் மூடினார்கள். 1991 செப்டம்பரில் திறந்தார்கள். செலவு 160 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி.

மூடியவர்கள் முதலில் செய்தது ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுத்தது. 1915. ஹோட்டலின் உச்ச காலம் அது என்று முடிவு செய்தார்கள். அதற்குப் பின் வந்ததெல்லாம் இடைச்செருகல். நடனக்கூடம் இடிபட்டது. அது வந்தபோது காணாமல்போன வார்ப்பிரும்பு முகப்பைப் பழைய சான்றுகளைக் கொண்டு புதிதாக வார்த்து நிறுத்தினார்கள். அறைகளெல்லாம் தொகுதிகளாக மாறி 104 ஆயின. 14 அடி உயரக் கூரையும், மரத்தரையும், வராந்தாவும் மிஞ்சின. குளிர்சாதனம் கண்ணில் படாமல் உள்ளே புகுந்தது. பக்கத்தில் 1915ல் இல்லவே இல்லாத கடைத்தொகுதி ஒன்று அதே பாணியில் எழுந்தது. பின்னால் வருகிற ஒருவன் எது பழசு, எது புதுசு என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் கையில் வரைபடம் வேண்டும்.

இது பற்றி ஐரோப்பாவில் பழைய சண்டை ஒன்று உண்டு. கட்டடத்தை முன்னிருந்தபடி ஆக்குவது என்பதே பொய், செத்தவனை எழுப்ப முடியாது என்ற கட்சி ரஸ்கினுடையது, 1849லேயே சொல்லிவிட்டார். பிரான்ஸின் வியோலே-ல-துக் அதற்கு நேர் எதிர். ஒரு கட்டடத்தை அதன் பூரண நிலைக்குக் கொண்டுவர வேண்டும், அந்தப் பூரண நிலை எந்தக் காலத்திலும் இருந்ததில்லையென்றாலும் பரவாயில்லை என்பது அவர் கட்சி. 1964ல் வெனிஸில் கூடியவர்கள் ஒரு நடுவழி கண்டார்கள்: ஊகம் தொடங்கும் இடத்தில் கையை எடுத்துவிடு, எல்லாக் காலத்துச் சேர்க்கைக்கும் மரியாதை கொடு, புதிதாய்ச் சேர்ப்பது புதிது என்று தெரியட்டும். இந்த அளவுகோலால் பார்த்தால் ராஃபிள்ஸ் வியோலே-ல-துக்கின் பிள்ளை. நடனக்கூடம் எழுபது வருஷம் அங்கே நின்றது. இரண்டு யுத்தங்களுக்கு இடைப்பட்ட காலத்துச் சிங்கப்பூர் வெள்ளைக்காரன் ஆடிய ஆட்டமெல்லாம் அதற்குள்தான். எந்த நியாயத்தில் அது இடைச்செருகல்?

இங்கேதான் எனக்கு ஐயர் ஞாபகம். தமக்குச் சரியென்று பட்ட பாடத்தை மேலே வைப்பார். மற்றவற்றை பிரதிபேதம் என்று கீழே தருவார். படிக்கிறவனுக்கு அவரோடு சண்டை போட ஒரு இடம் கிடைக்கிறது. கட்டடத்தில் அடிக்குறிப்பு போட முடியாது. ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுத்தால் மற்றவை லாரியில் ஏறிப் போய்விடுகின்றன. கட்டடப் பதிப்பாசிரியனின் பொறுப்பு அதனால்தான் ஏட்டுப் பதிப்பாசிரியனுடையதைவிடக் கனமானது.

வெட்டித் திருத்துவது இந்த ஹோட்டலுக்குப் புதிதுமல்ல. 1889ல் கிப்ளிங் சிங்கப்பூருக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 23. ராஃபிள்ஸில் சாப்பாடு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அறைகள் மோசம் என்று எழுதினார். ஆகவே பிரயாணிகள் ராஃபிள்ஸில் சாப்பிட்டுவிட்டு ஒட்டல் த லூரோப்பில் போய்ப் படுத்துக்கொள்வது உத்தமம் என்று யோசனையும் சொன்னார். சார்க்கீஸ் வியாபாரி. சாப்பாட்டை வைத்துக்கொண்டு படுக்கையை வெட்டிவிட்டார். பாதி வாக்கியம் பல வருஷம் விளம்பரமாக ஓடியது. அதேபோல் புலிக்கதை. 1902ல் காட்சிக்கு வைத்திருந்த புலி ஒன்று தப்பி வந்து, தரையிலிருந்து தூக்கிக் கட்டியிருந்த பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் பதுங்கியது. ஒரு தலைமையாசிரியர் வந்து சுட்டார். சொல்லச் சொல்ல, அறைக்கு அடியில் என்பது மேஜைக்கு அடியில் என்றாயிற்று. கூண்டுப்புலி, சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப்புலி ஆயிற்று. 1989ன் கட்டட வேலை இந்தப் பரம்பரையில் வருவதுதான்.

கிப்ளிங் போய்ப் படுக்கச் சொன்ன ஹோட்டல் என்னவாயிற்று? 1930களில் இடிந்தது. அந்த இடத்தில் 1939ல் சுப்ரீம் கோர்ட் வந்தது. அந்தக் கோர்ட் 2015ல் தேசிய ஓவியக்கூடமாக மாறியது. நல்ல அறை வைத்திருந்தவன் தடயமில்லாமல் போனான். மோசமான அறை வைத்திருந்தவன் தேசியச் சின்னமானான்.

1915க்கு வருகிறேன். அந்த வருஷத்தை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே அந்த ஊரின் அந்த வருஷத்தைப் புரட்டினேன். பிப்ரவரி 15. சிங்கப்பூரிலிருந்த ஐந்தாவது லைட் இன்ஃபன்ட்ரி என்ற இந்தியப் பட்டாளம் கலகம் செய்தது. வட இந்திய முஸ்லிம் சிப்பாய்கள். தங்களைத் துருக்கியருக்கு எதிராகச் சண்டைக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற வதந்தி, கதர் கட்சிக்காரர்களின் பிரசாரம், அதிகாரிகளிடையே இருந்த பூசல் - காரணங்களைப் பலவிதமாகச் சொல்கிறார்கள். சில நாள் ஊர் கைவிட்டுப்போன மாதிரி இருந்தது. வெள்ளைக்காரப் பெண்களையும் குழந்தைகளையும் கப்பல்களில் ஏற்றினார்கள். பிரெஞ்சு, ருஷ்ய, ஜப்பானியக் கப்பல்களிலிருந்து ஆள் இறங்கி அடக்க வேண்டியிருந்தது. பிறகு விசாரணை. 47 பேருக்கு மரண தண்டனை. ஊட்ரம் சிறைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தி, ஆயிரக்கணக்கான ஜனங்கள் வேடிக்கை பார்க்கச் சுட்டார்கள்.

ராஃபிள்ஸ் 1915க்குத் திரும்பிப்போனது என்று சொல்லும்போது இந்த 1915க்கு அல்ல என்பது வெளிப்படை. சிங்கப்பூர் ஸ்லிங் என்ற பானத்தைக் கலந்துகொடுத்த சீனப் பரிசாரகரின் பெயர் - ஙியாம் தொங் பூன் - அந்த வருஷத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அந்த 1915. ஹோட்டல் தன் சுவரில் கலகத்தைப் பற்றிக் கல்வெட்டு வைத்திருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. ஒரு வருஷத்தைப் பொற்காலம் என்று தேர்ந்தெடுப்பவன் அந்த வருஷத்தின் 365 நாளையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்கிறான் என்று மட்டும் சொல்கிறேன்.

உள்ளே போனோம். லாங் பார் என்கிற நீண்ட மதுக்கூடம் முன்னொரு காலத்தில் வேறு இடத்தில் இருந்தது. 1991ல் புதுக் கட்டடத்தின் மாடிக்கு வந்துவிட்டது. 1920களின் மலாயா ரப்பர்த் தோட்ட பாணியில் அலங்காரம் செய்திருக்கிறார்கள். கருமரம், பிரம்பு நாற்காலி, திருகு படிக்கட்டு. கூரையில் பனையோலை விசிறிகள் வரிசையாக, ஒரே லயத்தில், இப்படியும் அப்படியும் அசைகின்றன. இழுக்கிற ஆள் இல்லை, மோட்டார். மேஜை மேல் வேர்க்கடலை. தோலைத் தரையில் போடலாம். அப்பழுக்கில்லாத அந்த ஊரில் சட்டபூர்வமாகக் குப்பை போட அனுமதிக்கிற இடம் இது ஒன்றுதானோ என்று நினைக்கத் தோன்றும்.

நண்பர் நெடுநேரம் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "எங்க தாத்தா ஜொகூர்ல தோட்டத்துல பால்மரம் வெட்டினவர். இப்படி ஒரு நாற்காலிய அவர் தூரத்துல இருந்து பார்த்திருப்பாருன்னு நினைக்கிறேன். துரை வீட்டு வராந்தாவுல."

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, கங்காணியின் வசவு வாங்கி, பால் எடுத்து, லயத்து ஒற்றை அறையில் முடங்கிய லட்சக்கணக்கான தமிழர்களின் உழைப்பில்தான் துரைமார்கள் மாத முடிவில் சிங்கப்பூருக்கு வந்து குடிக்க முடிந்தது. மதுக்கூடத்தின் 'தோட்ட பாணி' என்பது துரையின் வராந்தா மட்டும்தான். வராந்தாவிலிருந்து பார்த்தால் தெரிந்திருக்கக்கூடிய காட்சி அதில் இல்லை. விசிறியை மோட்டார் இழுப்பது எனக்கு ஒரு குறியீடாகவே பட்டது. (குறியீடு தேடி அலைகிறவன் என்று என்னைச் சொல்லுகிற நண்பர்கள் இங்கே சிரித்துக்கொள்ளலாம்.) அசைவைக் காப்பாற்றிவிட்டார்கள். இழுத்த கையை நீக்கிவிட்டார்கள்.

கீழே டிபன் ரூம் என்று சாப்பாட்டுக் கூடம். கறியும் சோறும் அங்கே பழைய சம்பிரதாயம். மிளகுத்தண்ணி என்ற நம் வீட்டுச் சொல் ஆங்கிலேயன் வாயில் மல்லிகட்டானி ஆகி அவன் மேஜைக்குப் போனது இப்படிப்பட்ட கூடங்களின் வழியாகத்தான். ரசம் வைத்த கை பற்றிக் குறிப்பு இல்லை. பாஷை ஞாபகம் வைத்திருக்கிறது.

விருந்தாளிகளின் பெயர்கள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. சில அறைத்தொகுதிகளுக்கு அங்கே தங்கிய, அல்லது தங்கியதாக நம்பப்படுகிற பிரபலங்களின் பெயரை வைத்திருக்கிறார்கள். மாம், நோயல் கவர்ட், சாப்ளின். அறை மோசம் என்று சொன்ன கிப்ளிங்குக்கும் ஒன்று. பாப்லோ நெருதாவுக்கும் ஒன்று. அந்தப் பெயரில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். நெருதா ரங்கூன், கொழும்பு, பட்டாவியா, சிங்கப்பூர் என்று சிலி நாட்டுக் கான்சலாக அலைந்தது 1927லிருந்து 1930களின் தொடக்கம் வரை. நம்மில் பலர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கிறோம். 1974ல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்பில், கொழும்பு வீட்டில் மலக்கூடம் சுத்தம் செய்ய வந்த ஒரு தமிழ்ப் பெண்ணை, தாழ்த்தப்பட்ட ஜாதிக்காரியை, பலவந்தப்படுத்தியதை அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு அதில் பெயர் இல்லை. பித்தளைப் பலகையில் எந்தப் பெயர் ஏறுகிறது என்பதும் கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலையில் ஒரு பகுதிதான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, 1991ல் அந்த வேலையைச் செய்தவர்கள் குற்றவாளிகள் என்று நான் முடித்தால் அது அசட்டுத்தனம். அவர்கள் செய்யாமல் விட்டிருந்தால் ராஃபிள்ஸும் லூரோப்பின் கதியைத்தான் அடைந்திருக்கும். சுண்ணம், மரம், கதவு, கைப்பிடி என்று சிரத்தையாகச் செய்திருக்கிறார்கள். மேல் வராந்தாவில் நின்றபோது, 14 அடிக் கூரைக்கு ஏன் 14 அடி என்பது தோல் வழியாகவே புரிந்தது. வெக்கை மேலே போய்விடுகிறது. மனிதன் இருக்கும் உயரத்தில் காற்று இருக்கிறது. இதைப் புகைப்படம் சொல்லாது. என் ஊரில் நாங்கள் பத்துப் பேர் உட்கார்ந்து பேசிப் பேசியே ஒரு பத்திரிகையை ஆரம்பித்து ஒரு பத்திரிகையை மூடிய காப்பி கிளப் ஒன்று இருந்தது. சலவைக்கல் மேஜை, ரசம் போன கண்ணாடி, கல்லாவுக்கு மேல் பெண்டுலக் கடிகாரம். ஒரு நாள் போனபோது பளபளவென்று சன்மைக்கா போட்டிருந்தார்கள். அடுத்த தடவை போனபோது கட்டடமே இல்லை. அதை 1950க்கோ 1960க்கோ யாராவது திருப்பிக் கட்டிக்கொடுத்தால் போய் உட்கார மாட்டேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

1991ன் பாடமும் கடைசிப் பாடமாக இருக்கவில்லை. 2017ல் மறுபடி வேலை தொடங்கியது. அந்த டிசம்பரில் முழுக்க மூடினார்கள். 2019 ஆகஸ்ட்டில் 115 தொகுதிகளோடு திறந்தார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. 1991ல் கடைத்தொகுதியோடு சேர்த்து ஜூபிலி ஹால் என்று ஒரு நாடக அரங்கம் கட்டியிருந்தார்கள். 2019ல் அதை நடனக்கூடமாக மாற்றிவிட்டார்கள். இடைச்செருகல் என்று இடித்துத் தள்ளிய நடனக்கூடம் இருபத்தெட்டு வருஷம் கழித்து, இடம் மாறி, புதுப் பாடமாகத் திரும்பி வந்துவிட்டது. நாடகம் போய்விட்டது.

நண்பர் என்னை சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்கு அழைத்துப் போனார். மாரியம்மன் கோவில். 1827ல் கீற்றும் மரமுமாகத் தொடங்கியது. 1973ல் அதுவும் தேசியச் சின்னம். ஆனால் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக் கும்பாபிஷேகம் செய்துகொண்டிருக்கிறார்கள். கடைசியாக 2023 பிப்ரவரியில். இந்தியாவிலிருந்து சிற்பிகள் வந்து சுதை வேலையைச் செப்பனிட்டு, வர்ணம் அடித்துவிட்டுப் போனார்கள். எந்த வருஷத்துக் கோவில் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. சாமி உள்ளே இருக்கும்வரை அந்தக் கேள்விக்கு அவசியம் ஏற்படுவதில்லை போலும். ஜீரணோத்தாரணம் என்பது வேறு ஒரு தர்க்கம். அந்தத் தர்க்கத்தின் பெயரால் நம் ஊரில் மணலைப் பீய்ச்சிக் கல்வெட்டுகளைத் தேய்த்ததும் நடந்திருக்கிறது, ஆகவே அதையும் நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்யத் தயாரில்லை. ஹோட்டலுக்குள் சாமி இல்லை. விருந்தாளி வந்து போகிறவன். எனவே ஒரு வருஷத்தை மூலவராகப் பிரதிஷ்டை செய்ய வேண்டியிருக்கிறது.

திரும்பும் வழியில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். ராஃபிள்ஸிலிருந்து நடக்கிற தூரம்தான். 1856லிருந்து 1861 வரை இதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். சென்னை ராஜதானியிலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு. உட்சுவருக்கும் தூணுக்கும் அவர்கள் பூசியது மெட்ராஸ் சுண்ணம். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, இவற்றைத் தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, பூசி, காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது. கைதிகளின் மேலதிகாரியாக இருந்த மக்நேர் இந்தப் பக்குவத்தைப் பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார். அவர் புத்தகம் வெளிவந்தது 1899ல், ராஃபிள்ஸின் பிரதான கட்டடம் திறந்த அதே வருஷம். அளவு, முறை, பதம் எல்லாம் இருக்கிறது.

நண்பர் ஒரு தூணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நானும் வைத்தேன். மேலே எத்தனையோ பூச்சு ஏறியிருக்கிறது. கையில் பட்டது பெயின்ட்தான். பலிபீடத்துப் பக்கம் யாரோ ஆர்கன் பழகிக்கொண்டிருந்தார்கள். தப்பு விழுந்த இடத்தையே திரும்பத் திரும்ப வாசித்தார்கள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, சிராங்கூன் ரோடு போகிற பஸ்ஸைப் பிடித்தோம்.